‘இன்னும் எக்ஸ்எல்லா?’: தர்மபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்களின் பட்டப்பெயரும் பந்தாவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கும் தொப்பூருக்கும் நடுவில் எந்த பைபாஸ் டீக்கடையில் நின்றாலும் ஒரே காட்சிதான். பெரிய வண்டிகள் கடை வாசலில் வரிசையாக நிற்கும். பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வந்தால் ‘அண்ணே, அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துங்க’ என்பார்கள். யாரும் கெட்ட வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். ஆனாலும் யாருக்கு என்ன இடம் என்று அங்கே முடிவாகிவிடும். அந்த இடம் பற்றியும், அதை ஒட்டி வரும் பெயர்கள் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

நம்ம பக்கம் புழங்குற பட்டப்பெயர்கள் என்னென்ன? எது விளையாட்டு, எது வசவு?

வண்டியைச் சொல்லும் பெயர்கள் ஒரு வகை. ‘டப்பா’, ‘அட்டு பீஸ்’, ‘டொக்கு வண்டி’, ‘காயலாங்கடைக்குப் போக வேண்டியது’ இவையெல்லாம் இரும்பைத்தான் திட்டுகின்றன. நண்பர்களுக்குள் இதற்குக் கணக்கே கிடையாது.

ஓட்டுகிறவரின் பிழைப்பைச் சொல்லும் பெயர்கள் இன்னொரு வகை. எக்ஸ்எல் என்றால் ‘பால்கார வண்டி’, ‘மீன்கார வண்டி’. ஸ்ப்ளெண்டர் ‘கொத்தனார் வண்டி’, இல்லையென்றால் ‘அங்கிள் வண்டி’. ஸ்கூட்டி ‘பொம்பள வண்டி’. புல்லட்டில் வெள்ளை வேட்டியோடு போனால் ‘மைனர்’. தலையில் கலரடித்துக்கொண்டு கேடிஎம் டியூக் ஓட்டினால் ‘புள்ளிங்கோ’. இந்தப் பட்டியலில் ஒரு பெயராவது வண்டியின் குறையைச் சொல்கிறதா என்று பாருங்கள். பால் ஊற்றுவது, மீன் விற்பது, கொத்து வேலை, பெண்ணாக இருப்பது, இவைதான் கேலிக்கு ஆகின்றன. வண்டி வெறும் சாக்கு.

விளையாட்டா வசவா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. அதே பெயரை அவர் அப்பா முன்னால் சொல்ல முடியுமா? ‘டப்பா’ என்று சொல்லலாம், அவரும் சேர்ந்து சிரிப்பார். ‘பால்கார வண்டி’ என்று ஊருக்குப் பால் ஊற்றும் மனுஷன் முன்னால் சொல்ல வாய் வராது.

எக்ஸ்எல் ஒரு வண்டியே இல்லைன்னு சொல்றாங்களே?

வேறு ஊர்க்காரர் சொன்னால் அறியாமை என்று விடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் சொன்னால் அது கொஞ்சம் வேடிக்கை. எக்ஸ்எல்லுக்கு முன்னோடியான டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் ஓசூரில் இருந்துதான் வெளியே வந்தது. ஆள் ஆளுக்குக் கனவு காணும் பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் வண்டியையும் அதே டிவிஎஸ் கம்பெனிதான் ஓசூரில் செய்து கொடுத்தது. பிஎம்டபிள்யூ பேட்ஜைப் பார்த்து வாய் பிளப்பவரும் எக்ஸ்எல்லைப் பார்த்து முகம் சுளிப்பவரும் பல நேரம் ஒரே ஆள்.

எண்களைப் பார்ப்போம். எக்ஸ்எல் 100-ன் இன்ஜின் 99.7 சிசி, சுமார் 4.4 குதிரைத்திறன், 6.5 நியூட்டன் மீட்டர் இழுவை. இன்ஜின் நிமிடத்துக்கு 3,500 சுற்று சுற்றும்போதே அந்த இழுவை வந்துவிடுவதுதான் விஷயம். ஸ்ப்ளெண்டரில் 8 நியூட்டன் மீட்டர் உண்டு, ஆனால் அதற்கு 6,000 சுற்று வரை முறுக்க வேண்டும். வண்டி எடை 90 கிலோவுக்குள். கிளட்ச் லீவரும் இல்லை, கியரும் இல்லை. உள்ளே மையவிலக்குக் கிளட்ச், ஒரே கியர். வீட்டுக்கு வீடு நிறுத்தி எடுக்க இதைவிட வசதியான அமைப்பு கிடையாது.

கேலி செய்கிறவர் கவனிக்காத இடம் சுமை. 40 லிட்டர் பால் கேன் ஒன்று, கேன் எடையும் சேர்த்து 50 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கட்டினால் நூறைத் தொடும். ஓட்டுபவர் 65 கிலோ. ஆக மொத்தம் 160-க்கு மேல். கம்பெனி சொல்லும் சுமை அளவோ 130 கிலோ. அளவுக்கு மீறி ஏற்றினால் முதலில் தேய்வது கிளட்ச் ஷூ. முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கருகல் வாடை வரும். அடுத்து பின் சக்கரக் கம்பிகள் தளர்ந்து சக்கரம் ஆடும். மூன்றாவது பின் ஷாக் எண்ணெய் கசியும். பின் டயர் காற்றை வாரம் ஒருமுறை சுமைக்கு ஏற்றபடி பார்த்து, கம்பிகளைத் தட்டிப் பார்த்து, கிளட்ச் ஷூவை நேரத்தில் மாற்றினால் வருஷக் கணக்கில் ஓடும். இது தெரிந்து ஓட்டுகிறவர் ஒரு நல்ல டிரைவர். அவரை ‘வண்டி ஓட்டத் தெரியாதவர்’ என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

எக்ஸ்எல்லின் உண்மையான குறையையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வழிச் சாலையில் லாரி போகும் வேகத்துக்கு இது எட்டாது. பைபாஸில் இடது ஓரமாகவே போக வேண்டும். இரவில் பின்னால் ஒட்டுவதற்கு ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஆட்டோமொபைல் கடையில் மலிவாகக் கிடைக்கும். கேன் பின் விளக்கை மறைக்கும் என்பதால் கேன் மேலேயே ஒட்ட வேண்டும்.

புல்லட்காரங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பந்தா?

பழைய காலத்துப் பெருமையின் மிச்சம் அது. புல்லட்டைச் செய்யும் ராயல் என்ஃபீல்டு, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் சென்னையில் தொடங்கிய கம்பெனி. ராணுவமும் போலீசும் ஓட்டிய வண்டி. கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர்தான் வாங்க முடிந்தது. ‘புல்லட் சத்தம் கேட்டா எழுந்து நிக்கணும்’ என்று பழகிய ஊர்களும் இருந்தன. சத்தத்துக்கும் அதிகாரத்துக்கும் அங்கே முடிச்சு விழுந்தது.

புல்லட்காரர்களுக்குள்ளேயே ஒரு ஜாதி பிரிவினை உண்டு என்பதுதான் சுவாரசியம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்திருப்பவர், செல்ஃப் ஸ்டார்ட் புல்லட்காரரை மதிக்க மாட்டார். ‘பட்டன் அமுக்கறதெல்லாம் புல்லட்டா’ என்பார். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய வண்டியைக் கிளப்புவது ஒரு கைவேலைதான். சாவியைப் போட்டு, நியூட்ரலில் வைத்து, கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு இடத்தில் கிக்கர் கல் மாதிரி நிற்கும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும். அப்போது இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரற்கடை மட்டும் தாண்டவிட்டு, லீவரை விட வேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உடல் எடையோடு ஒரே உதை. பாதி மனதோடு உதைத்தால், அல்லது பிளக்கில் பொறி விழும் டைமிங் முன்னால் ஏறியிருந்தால், கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிய கதைகள் எல்லாம் அங்கிருந்து வருபவைதான்.

ஆனால் இது பயிற்சி. பத்து நாளில் யாருக்கும் வந்துவிடும். அந்தக் காலத்து வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டிக்காரர் இரவல் வாங்கி ஓட்டினால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். ‘ஓட்டிப் பாருடா, ஆம்பளையா இருந்தா’ என்று சாவியைத் தூக்கிக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து. கொடுப்பதானால் காலி மைதானத்தில் இருபது முறை நிறுத்தப் பழக்கிவிட்டுக் கொடுங்கள்.

ஆர்எக்ஸ் 100 பெருசா, புல்லட் பெருசா? ஒரு முடிவு சொல்லுங்க.

இந்தச் சண்டைக்கு வயது நாற்பது. யமஹா ஆர்எக்ஸ் 100 இங்கே 1985 முதல் 1996 வரை வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்றுக் கூட. இப்போதைய புல்லட் 350-க்கு 20 குதிரைத்திறன், எடை 195 கிலோ. வெறும் வண்டியை வைத்து எடைக்குத் திறன் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம், ஆர்எக்ஸ் ஒரு நூல் முன்னால். ‘பார்த்தியா’ என்று ஆர்எக்ஸ் ஆட்கள் குதிப்பது இதை வைத்துத்தான்.

வண்டி தனியாக ஓடாதே. 65 கிலோ ஆள் ஏறினால் கணக்கு மாறும். ஆர்எக்ஸில் ஒரு குதிரைத்திறனுக்கு 15 கிலோ, புல்லட்டில் 13 கிலோ. பின்னால் இன்னொருவரை ஏற்றினால் ஆர்எக்ஸுக்கு 21, புல்லட்டுக்கு 16. காகிதத்தில் புல்லட் ஜெயித்தாச்சு.

அப்படியானால் சிக்னலில் ஆர்எக்ஸ் ஏன் முந்துகிறது? டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி வெடிக்கும். புல்லட் இரண்டு சுற்றுக்கு ஒன்று. 1,000 சுற்றில் ஓடும் புல்லட் வினாடிக்கு எட்டு முறை வெடிக்கிறது, அந்த ‘டுப் டுப்’ அதுதான். அதன் ஃப்ளைவீல் கனமானது, நிதானமாகத்தான் வேகம் எடுக்கும். ஆர்எக்ஸுக்கு ஃப்ளைவீல் லேசு, முறுக்கினால் உடனே ஏறும். ஒற்றை ஆள், முதல் ஐம்பது மீட்டர் என்றால் ஆர்எக்ஸ். இரண்டு பேர், ஓசூரில் இருந்து சேலம் வரை என்றால் புல்லட். எந்த வேலை என்று சொல்லாமல் ‘எது பெருசு’ என்று கேட்டால், அதற்கு விடிய விடியப் பேசலாம்.

ஆர்எக்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெத்துக்காக லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள். ஆர்எக்ஸ் 135 இன்ஜினை உள்ளே வைத்து 100 என்று விற்பதும் நடக்கிறது. இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சியைப் புதுப்பித்திருக்க வேண்டும், அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. தவறியிருந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

டியூக் ஓட்டற பசங்க எல்லாம் ‘புள்ளிங்கோ’வா?

‘புள்ளைங்க’ என்ற சாதாரணச் சொல்தான் அப்படித் திரிந்தது. யார் மேல் வீசப்படுகிறது என்று கவனித்தால் புரியும். அதே டியூக்கை ஐடி கம்பெனி ஊழியர் ஓட்டினால் ‘ரைடர்’. பாலிடெக்னிக் பையன் ஓட்டினால் ‘புள்ளிங்கோ’. முடிக்கு அடித்த கலரும் பேசும் தமிழும்தான் வித்தியாசம்.

கூட்டத்தில் வளைந்து வளைந்து போவது, முன் சக்கரத்தைத் தூக்குவது, இதையெல்லாம் நியாயப்படுத்த முடியாது. அதைச் செய்தவரை அதற்காகத் திட்டுங்கள். தலைமுடியைத் திட்டினால் நிதானமாக ஓட்டும் பையனும் ‘எப்படியும் அந்தப் பெயர்தான்’ என்று முறுக்க ஆரம்பிப்பான்.

டியூக் 200 பற்றிப் பெரியவர்கள் அறிய வேண்டியது: 25 குதிரைத்திறன், எடையோ புல்லட்டைவிட 35 கிலோ குறைவு. ஸ்ப்ளெண்டரில் இருந்து நேராக இதில் ஏறுகிறவருக்கு முறுக்கின் அளவு கையில் இருக்காது. முதல் மாதம் மழையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

சைலன்சர் மாத்தினாத்தானே மதிப்பு?

மதிப்பு சைலன்சர் விற்பவருக்கு. பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வந்த புது வண்டியின் குழாயில் ஆக்சிஜன் சென்சாரும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. குழாயை மாற்றியதும் சென்சார் குழம்பி இன்ஜின் விளக்கு எரியும், முறுக்கை விடும்போது படபடக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று கூடி எரிபொருள் குறையும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காப்பிப் பொடி நிறத்துக்குப் பதிலாக வெள்ளையாக இருக்கும். அப்படியே ஓட்டினால் இன்ஜின் சூடேறி பிஸ்டன் கீறும்.

சாவியை அணைத்து அணைத்துப் போட்டு ‘பட்டாசு’ விடுவது இன்னும் மோசம். எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் வெடிக்கிறது. கன்வெர்ட்டரின் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டால் அப்புறம் வண்டி இழுக்காது, புதுசு மாற்ற வேண்டியதுதான்.

சட்டப்படி, 175 சிசிக்கு மேல் உள்ள பைக்குக்குத் தயாரிப்பில் அனுமதித்த ஓசை 80 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77. ஒலி மாசுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் போகும். வண்டியை அனுமதியில்லாமல் ஆல்டர் செய்ததற்கு 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை தனி.

எலெக்ட்ரிக் வண்டியை ‘பொம்மை’ன்னு சொல்றாங்க. பதில் என்ன?

பதில் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும். இந்த மாவட்டத்துப் பல வீடுகளில் யாராவது ஒரு சொந்தக்காரர் அங்கே ஷிஃப்ட் போகிறார். அவர் செய்த வண்டியை அவர் தம்பியே பொம்மை என்கிறார்.

எதிர்ப்பக்கமும் ஒரு தப்பான வாதம் ஓடுகிறது. ‘ஏத்தர் 450எக்ஸ்ஸுக்கு 26 நியூட்டன் மீட்டர், புல்லட்டுக்கு 27, அப்போ ரெண்டும் ஒண்ணு’ என்கிறார்கள். ஒன்றல்ல. புல்லட்டின் 27 இன்ஜினில் அளந்தது, ஐந்து கியர் வழியாகப் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. ஸ்கூட்டரில் ஒரே பெருக்கம். ஸ்கூட்டரின் உண்மையான சாதகம் வேறு: நின்ற இடத்திலேயே முழு இழுவையும் கிடைக்கும். அதனால்தான் கிளம்பும்போது பறக்கிறது.

‘மலை ஏறாது’ என்பதும் அரைகுறை. ஆளோடு 200 கிலோ எடை 400 மீட்டர் உயரம் ஏற, விரயத்தையும் சேர்த்துக் கால் யூனிட்டுக்கும் சற்றே கூடுதலான மின்சாரம் போதும். சமவெளியில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் ஓட ஆகும் செலவு அது. ஏறும், ஆனால் திரும்பி வரும் கணக்கைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும்.

பொண்ணுங்க வண்டி ஓட்டினா பின்னாடி ஹார்ன் அடிச்சுக் கத்தறாங்க.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஓசூர் சிப்காட் பக்கம் தினமும் இது நடக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கத் தடுமாறினால் ‘பொம்பள ஓட்டுறா பாரு’ என்று ஒரு குரல் வந்தே தீரும். அதே ஏற்றத்தில் ஆண் ஓட்டும் வண்டி அணைந்தால் ‘வண்டியில பெட்ரோல் இல்ல போல’.

ஸ்கூட்டரை ஏற்றத்தில் எடுக்க: இடது கை பின் பிரேக்கைப் பிடித்திருக்க, வலது கையால் மெதுவாக முறுக்குங்கள். வண்டி முன்னே தள்ளுவது தெரிந்த பிறகே பிரேக்கை விடுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தள்ளுவதால்தான் தடுமாற்றம். இடது கால் ஒன்று போதும். கேலி எல்லை தாண்டினால் என்ன செய்வது என்பது கீழே சட்டப் பகுதியில் இருக்கிறது.

ஜாக்கெட், கையுறை போட்டா ‘ராக்கெட் விடப் போறியா’ன்னு கேக்கறாங்க.

பந்தா இல்லாதவரும் பந்தா பண்ணுகிறார் என்பதற்கு இது உதாரணம். வியர்த்தாலும் போடுங்கள். குறைந்தது ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, தாடை மூடிய ஹெல்மெட். கழுத்துப் பட்டைக்கு நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம். பின்னால் இருப்பவருக்கும் அது கட்டாயம். மே மாத வெயிலுக்கு வலை வைத்த ஜாக்கெட் கிடைக்கிறது. முழுச் செட்டுக்குப் பணமில்லை என்றால் ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடிய ஷூ என்ற வரிசையில் வாங்குங்கள். விழும்போது எல்லோரும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள்.

ஜாக்கெட் போட்டவர் செருப்புக் காலோடு வருபவரை ஏளனமாகப் பார்ப்பதும் நடக்கிறது. பென்னாகரத்தில் இருந்து தினமும் முப்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருபவருக்கு இருபதாயிரம் ரூபாய் ஜாக்கெட் என்பது இரண்டு மாதச் சம்பளமாகவும் இருக்கலாம்.

பெங்களூரு குரூப் வந்தா நம்மள ‘லோக்கல்’னு சொல்றாங்க.

சனி, ஞாயிறு கேஏ எண் பலகையோடு கூட்டமாக வருவார்கள். நம்மவர்கள் டிஎன் 70, 24, 29. அவர்களுக்கு நாம் ‘லோக்கல்’, நமக்கு அவர்கள் ‘வீக்கெண்டு பார்ட்டி’. காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் வாரத்தில் இது வேறு மாதிரி திரும்பும், அந்த நாட்களில் எண் பலகையை வைத்து யார் வாயைக் கிளறினாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் புத்தி.

மற்ற நாட்களில் லோக்கல் என்பது ஒரு தகுதி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியில் எந்த நேரம் யானை கடக்கும், மழை பெய்தால் எந்த வளைவில் மண் சரியும் என்பது லோக்கலுக்குத்தான் தெரியும். யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹார்ன் வேண்டாம், முகப்பு விளக்கை அடிக்க வேண்டாம், வந்த வழியே திரும்ப இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அவர்களுக்கும் சொல்லுங்கள், ‘லோக்கல்’ என்ற சொல்லின் தொனி மாறிவிடும்.

எல்லா வகை வண்டியும் சேர்ந்து ரைடு போகணும். எக்ஸ்எல்லும் வருது, டியூக் 390-யும் வருது. சண்டை வராம எப்படி?

சண்டையே வேக வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது. பெரிய வண்டி முன்னால் போய் அரைமணி நேரம் காத்திருக்கும், பின்னால் வருபவர் சேர்ந்ததும் ‘என்ன, தள்ளிக்கிட்டு வந்தீங்களா’ என்று கேட்கும். அங்கே முகம் சுருங்கும். ஏற்பாட்டிலேயே இதைத் தவிர்க்கலாம்.

தர்மபுரியில் இருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். வேகத்தைச் சின்ன வண்டிதான் முடிவு செய்யும்: மணிக்கு 45 கிலோமீட்டர். தலைவர் முன்னால். மிகச் சிறிய வண்டி இரண்டாவது இடத்தில், கடைசியில் அல்ல. இதுதான் எல்லோரும் தப்பு செய்யும் இடம். கடைசியில் விட்டால் முன்னால் உள்ளவர் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் இடைவெளி ரப்பர் மாதிரி நீளும், கடைசி ஆள் எப்போதும் துரத்திக்கொண்டே இருப்பார். இரண்டாவதாக விட்டால் தலைவரின் கண்ணாடியிலேயே அவர் தெரிவார். பெரிய, அனுபவமுள்ள வண்டி கடைசியில்.

நேர் சாலையில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறி, முன்னால் இருப்பவருக்கு இரண்டு வினாடி தூரத்தில். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் ஒற்றை வரிசை. வழி பிரியும் இடங்களில், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னவர் ஓரமாக நிற்க வேண்டும். ஆளாளுக்கு இதைச் செய்தால் யாரும் வழி தவற மாட்டார்கள்.

பெட்ரோல்: எக்ஸ்எல் 100 டேங்க் 4 லிட்டர், ஸ்ப்ளெண்டர் பத்துக்குக் கொஞ்சம் குறைவு, டியூக், புல்லட் இரண்டும் 13-ஐ ஒட்டி. எக்ஸ்எல்லுக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். அப்போது அது ‘அவருக்காக நிற்பது’ ஆகாது, டீ குடிக்கிற நேரம் ஆகும். கடைசி வண்டியில் 10, 12, 14 ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், கிளட்ச் கேபிள், பங்சர் கிட், காற்றடிக்கும் பம்ப் இருக்கட்டும். கிளம்பும்முன் எல்லார் செயினையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நடுவில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும்.

தொப்பூர் இறக்கத்துல பிரேக் புடிச்சா ‘பயந்தாங்கொள்ளி’யாம்.

அந்தக் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதியது எத்தனை முறை என்று அந்தப் பக்கத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், டிரம் சூடேறும், பிடி போகும். பைக்கிலும் அதே விதிதான். சேலம் பக்கம் இறங்கும்போது நூறு சிசி வண்டி மூன்றாவது கியரில், இன்ஜின் பிடிப்பில் வரட்டும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டாதீர்கள். பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுங்கள், ஒரேயடியாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். இடது ஓரம், லாரிக்கு முன்னால் அல்ல, பின்னாலும் ஒட்டி அல்ல. எக்ஸ்எல்லில் ஒரே கியர் என்பதால் இன்ஜின் பிடிப்பு குறைவு, தொடக்கத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர் எந்த கியரில் இறங்குகிறார் என்று கேளுங்கள். நியூட்ரல் என்றால் அவர் பின்னால் உட்காராதீர்கள்.

மெக்கானிக் கடையில சின்ன வண்டின்னா கண்டுக்க மாட்டேங்கறாங்க.

காலை ஒன்பது மணிக்கு முன்னால் விடுங்கள். குறையை ‘சரியா ஓடல’ என்று சொல்லாமல் ‘மூணாவது கியர்ல ஏத்தத்துல இழுக்கல, சூடானா மட்டும்’ என்று சொல்லுங்கள். வேலைக்கு முன் தொகை கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். தெளிவாகக் குறை சொல்லும் வாடிக்கையாளரை எந்த மெக்கானிக்கும் லேசாக எடுப்பதில்லை.

பேச்சு முத்திப்போச்சு. சட்டத்துல என்ன இருக்கு?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. பொது இடத்தில் ஆபாச வார்த்தை 296-வது பிரிவு, மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அமைதி கெடும்படி வேண்டுமென்றே அவமதிப்பது 352, இரண்டு வருஷம் வரை. பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லோ சைகையோ 79, மூன்று வருஷம் வரை. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரை, அந்தப் பிரிவைச் சேராத ஒருவர், பிறர் பார்வையில் சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ‘வண்டியைத்தான் சொன்னேன் சார்’ என்று நழுவலாம் என நினைக்க வேண்டாம். எண் பலகையில் சாதிப் பெயர், சாதிச் சின்னம் ஒட்டுவதும் இதே கதையின் தொடக்கம்தான். எண் பலகையில் எண்ணைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

புகார் தருவதானால் வண்டி எண், இடம், நேரம், பேசிய வார்த்தை அப்படியே, கூட இருந்த இருவர் பெயர். வார்த்தையை நாகரிகமாக மாற்றி எழுதிக் கொடுத்தால் புகார் பலவீனமாகும்.

யாராவது ‘இன்னும் இந்த டப்பாவா’ன்னு கேட்டா நறுக்குன்னு என்ன சொல்றது?

‘ஆமாங்ணா, கடன் கட்டி முடிச்சாச்சு.’ பெரும்பாலும் அத்தோடு பேச்சு நிற்கும். கேட்டவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

பையனுக்கு 16 வயசு. எக்ஸ்எல் கொடுத்தா ‘அசிங்கமா இருக்கு’ன்னு எடுக்க மாட்டேங்கறான், டியூக் கேக்கறான். எக்ஸ்எல்லாவது ஓட்டட்டும்னு விடலாமா?

விட முடியாது. 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். டிவிஎஸ் 50 காலத்துப் பழக்கத்தில் ‘மொபெட்தானே’ என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்எல் 100-ல் இருப்பது 99.7 சிசி, அதற்கும் 18 ஆக வேண்டும். 18 ஆகாதவர் ஓட்டி மாட்டினால் 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. டியூக்கோ எக்ஸ்எல்லோ, அந்தப் பிரிவுக்கு இரண்டும் ஒரே வண்டிதான். இன்னும் இரண்டு வருஷம் டவுன் பஸ்.